முன்பிள்ளைப் பருவ விருத்தி – பாடமும் தொழிலும்

(க.பொ.த. சாதாரண தரம்: மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் ஆகிய பாடங்களுக்குத் துணையாக)



ஒவ்வொரு வருடமும் பரீட்சை நெருங்கும்போது என் வகுப்பில் யாராவது ஒரு மாணவி இந்தக் கேள்வியைக் கேட்பாள்: "கணக்கு சரிவராட்டி நேசரி டீச்சராப் போகலாம்தானே டீச்சர்?" கேட்பவளில் பிழையில்லை. எமது ஊர்களில் அந்தத் தொழிலைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் விதம் அப்படி. பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கப் படிப்பு எதற்கு, பொறுமை இருந்தால் போதும் என்பார்கள். பொறுமை தேவைதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பது பொறுமையினால் மட்டும் வருவதில்லை. அது கற்று வருவது. இக்கட்டுரையில் பரீட்சைக்குத் தேவையான விடயங்களும், இத்துறையைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்குத் தேவையான விடயங்களும் கலந்தே வரும். இரண்டும் ஒரே பாடம் என்பதே என் கருத்து.

முன்பிள்ளைப் பருவம் என்பது யாது?

பிறப்பு முதல் 8 வயது வரையான காலத்தை யுனெஸ்கோ, யுனிசெப் ஆகிய நிறுவனங்கள் முன்பிள்ளைப் பருவம் எனக் கொள்கின்றன. இலங்கையில் 2004 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பும் விருத்தியும் பற்றிய தேசியக் கொள்கை, பிறப்பு முதல் 5 வயது வரையான பிள்ளைகளைக் கருத்திற் கொண்டது. 5 வயதில் பிள்ளை தரம் 1 இல் சேர்கிறது. அதற்கு முந்திய காலமே அக்கொள்கையின் அக்கறை. விடை எழுதும்போது எந்த வரைவிலக்கணத்தைக் குறிப்பிடுகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

அடுத்தது, மாணவர்கள் அதிகம் புள்ளி இழக்கும் இடம். வளர்ச்சி வேறு, விருத்தி வேறு. வளர்ச்சி என்பது உடலின் அளவில் ஏற்படும் அதிகரிப்பு ஆகும். அதனை அளக்கலாம்: நிறை, உயரம், தலையின் சுற்றளவு. பிறக்கும்போது 3 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. விருத்தி என்பது திறன்கள் படிப்படியாகச் சிக்கலடைவதாகும். தவழ்ந்த பிள்ளை நடப்பது, அழுது கேட்ட பிள்ளை சொல்லிக் கேட்பது, தனக்கு மட்டும் என்று பறித்த பிள்ளை தன் முறை வரும்வரை காத்திருப்பது ஆகியன விருத்தி. தராசினால் இவற்றை நிறுக்க முடியாது. கிளினிக்கில் பிள்ளையை நிறுத்து, சுகாதார விருத்திப் பதிவேட்டிலுள்ள வரைபில் புள்ளியிடும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர், "பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பார்க்கிறானா?" என்றும் கேட்பதன் காரணம் இதுவே. முதலாவது வளர்ச்சி, இரண்டாவது விருத்தி.

விருத்தியின் பொது விதிகள்

விருத்தி தலையிலிருந்து கால் நோக்கிச் செல்கிறது. முதலில் கழுத்து நிற்கும், பின்னர் முதுகு, கடைசியில் கால்கள். அதேபோல் உடலின் நடுவிலிருந்து வெளிநோக்கியும் செல்கிறது. தோள் முதலில் கட்டுப்பாட்டுக்குள் வரும், விரல் நுனி இறுதியில் வரும். ஒழுங்கு பெரும்பாலும் ஒன்றாயிருக்கும். வேகம் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

இந்தக் கடைசி வசனத்தைத்தான் எல்லோரும் மனனம் செய்து எழுதுகிறார்கள், ஆனால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. என் தங்கையின் மகன் 15 மாதமாகியும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி அவனை விட ஒரு மாதம் இளைய தன் பேரனைக் கூட்டிவந்து நடத்திக் காட்டிவிட்டுப் போனார். அன்று இரவு உம்மம்மா சாப்பிடவில்லை. உலக சுகாதார அமைப்பு பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளிலுள்ள சுகமான பிள்ளைகளைக் கொண்டு தயாரித்து, 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட நியமங்கள் எம் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவற்றின்படி பிடிக்காமல் தனியே நடக்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை பரந்தது. ஆதரவின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதம். அந்த ஆய்வில் பிள்ளைகளுள் சிலர், நூற்றுக்கு 4 பேரளவில், தவழவே இல்லை. நேரே எழுந்து நடந்தனர். என் தங்கையின் மகன் 16 ஆம் மாதம் நடந்தான்.

ஆனால் "வேகம் வேறுபடும்" என்று சொல்லி எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. 18 மாதமாகியும் நடக்காத பிள்ளை, சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளை, முன்பு பேசிய சொற்களை இழந்த பிள்ளை ஆகியோரைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எது சாதாரண வேறுபாடு, எது கவனிக்க வேண்டிய தாமதம் என்று பிரித்தறிவதற்கே படிப்புத் தேவைப்படுகிறது.

இடையில் ஒன்று. சில்லுகள் பூட்டி, நடுவில் பிள்ளையை இருத்தும் வோக்கரை நடை பழக்குவதற்கென்று கடையில் விற்பார்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படிகளில் உருண்டு பிள்ளைகள் காயமடைகின்றனர். கனடா 2004 ஆம் ஆண்டு அதன் விற்பனையையே தடைசெய்தது. பிள்ளை நின்றுகொண்டு தள்ளிச்செல்லும் மரவண்டி வேறு. அதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிள்ளை எவ்வாறு சிந்திக்கிறது?

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் பியாஜே (1896–1980) தன் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் கூர்ந்து அவதானித்துக் குறிப்பெடுத்தே தன் கொள்கையின் முதற்பகுதியை அமைத்தார். 2 வயது வரை பிள்ளை புலன்களாலும் அசைவுகளாலும் உலகை அறிகிறது. இது புலனியக்கப் பருவம். 2 முதல் 7 வயது வரையானது தொழிற்பாட்டுக்கு முந்திய பருவம். இப்பருவத்தில் பிள்ளை ஒரு பொருளை இன்னொன்றாகப் பாவனை செய்யும், கேள்வி கேட்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிவதை வைத்தே முடிவெடுக்கும்.

இதனை எங்கள் வீட்டுக் குசினியிலேயே செய்து பார்க்கலாம். நான் செய்தேன். 12 கீரி மீன்களை ஆறு ஆறாக இரண்டு வரிசையில் வைத்தேன். நாலரை வயது மருமகனிடம், எந்த வரிசையில் கூட என்று கேட்டேன். ரெண்டும் ஒண்டு என்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு வரிசையிலுள்ள மீன்களை இடைவெளி விட்டுப் பரப்பிவிட்டு மறுபடி கேட்டேன். நீளமான வரிசையைக் காட்டி, "இதிலதான் கூட" என்றான். எண்ணச் சொன்னேன், எண்ணினான், இரண்டிலும் ஆறு. ஆனாலும் நீளமானதில்தான் கூட என்று நின்றான். எண்ணிக்கையின் மாறாத்தன்மை இன்னும் உருவாகவில்லை என்று இதனைக் கூறுவர்.

பியாஜேக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் இதில் ஒரு திருத்தம் சொன்னார்கள். பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் விடை பிழையாக்கும் என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. 1970களில் ஒரு பொம்மைக் கரடி குறும்பாக வந்து வரிசையைக் கலைப்பது போலச் செய்து கேட்டபோது, அதே வயதுப் பிள்ளைகளுள் பலர் சரியாக விடை கூறினர். அதாவது பிள்ளைக்குத் தெரியாததும் உண்டு, நாம் கேட்ட விதத்தினால் தெரியாததுபோல் தோன்றுவதும் உண்டு. ரஷ்யரான வைகோட்ஸ்கி (1896–1934) இதே இடத்தில்தான் அழுத்தம் கொடுத்தார்: பிள்ளை தனியே செய்ய முடியாததை, சற்று அறிந்த ஒருவரின் துணையோடு செய்யும். ராத்தா கைபிடித்துக் காட்டித்தரும் வீடுகளில் வளர்ந்த உங்களுக்கு இதனை நான் விளக்கத் தேவையில்லை.

பென்சிலுக்கு ஏன் இத்தனை அவசரம்?

எமது ஊர்ப் பெற்றோர், பாலர் பாடசாலை நல்லதா என்று அறியக் கேட்கும் முதற் கேள்வி, "எழுத்துப் பழக்குறாங்களா?" என்பதாகும். மூன்று வயதுப் பிள்ளையின் கொப்பியில் ஒரு பக்கம் நிறைய அ எழுதியிருந்தால் திருப்தி. மணிக்கட்டில் 8 சிறு என்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை கசியிழையமாகவே இருக்கின்றன. வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக என்பாகின்றன. கடைசி என்பு 9 வயதுக்குப் பின்னரே என்பாகத் தொடங்கும் பிள்ளைகளும் உண்டு. தோள் முதலில், விரல் நுனி கடைசியில் என்று மேலே படித்தோம். அப்படியானால் மூன்று வயதில் கைக்குத் தேவை கோட்டுக்குள் எழுதுவதல்ல. மா பிசைதல், மணல் அள்ளுதல், சோகி கோத்தல், நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுதல் ஆகியனவே தேவை. இவை எழுத்துக்கு முந்திய எழுத்துப் பயிற்சி.

வைத்தியரான மரியா மொண்டிசோரி 1907 ஜனவரி 6 இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் தன் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தபோது, பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் இப்படிப்பட்ட வேலைகளையே: ஊற்றுதல், பொத்தான் பூட்டுதல், துடைத்தல், அடுக்குதல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்த அவர், 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். இன்று வீதிக்கு வீதி அவர் பெயரில் பெயர்ப்பலகை தொங்குகிறது. உள்ளே போனால் கரும்பலகையும் பிரம்பும் இருக்கும் இடங்களையும் நான் கண்டிருக்கிறேன்.

விளையாட்டு வீண் நேரமா?

2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது நான் தரம் 7 மாணவி. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. நாங்கள் இரண்டு மாதம் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தோம். அங்கிருந்த சின்னப் பிள்ளைகள் ஒரே விளையாட்டைத் தினமும் விளையாடினார்கள். மண்ணில் வீடு கட்டுவார்கள், ஒருவன் வாளித் தண்ணீரை ஊற்றுவான், "கடல் வருது" என்று கத்திக்கொண்டு எல்லோரும் ஓடுவார்கள். பெரியவர்களுக்கு அதைக் காணவே முடியவில்லை, அடித்து விரட்டினார்கள். வெளியூரிலிருந்து உதவிக்கு வந்த ஒரு பெண் மட்டும் அவர்களுக்கருகில் போய் அமர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பல நாட்களின் பின் பிள்ளைகளில் ஒருத்தி வீட்டுக்கு மேல்மாடி வைத்தாள், ஓடுவதற்கு ஒரு பாதையும் கீறினாள். அந்தப் பெண், "இதில எத்தனை பேர் ஏறலாம்?" என்று மட்டும் கேட்டார். அவர் செய்தது ஒரு தொழில் என்பதும், அதற்குப் படிப்பு உண்டு என்பதும் எனக்குப் பல்கலைக்கழகம் போன பிறகே தெரியும். அனுபவித்த அச்சத்தைப் பிள்ளை சொற்களால் அல்ல, விளையாட்டினாலேயே திரும்பத் திரும்ப வெளிப்படுத்தும். மனவெழுச்சி விருத்தி பற்றிய வினாவுக்கு இதனை உதாரணமாக எழுதலாம்.

விளையாட்டுக்கும் பேச்சுக்கும் உள்ள பெறுமதியை அளந்து காட்டிய ஓர் ஆய்வும் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986–87 காலப்பகுதியில், போசாக்கின்மையினால் உயரம் குன்றிய 9 முதல் 24 மாதம் வரையான 129 பிள்ளைகள் தெரிவுசெய்யப்பட்டனர். சிலருக்கு மேலதிக பாலுணவு கொடுக்கப்பட்டது. சிலரது வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு மணித்தியாலம் சுகாதார உதவியாளர் ஒருவர் சென்று, வீட்டுப் பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். சிலருக்கு இரண்டும் கிடைத்தன, சிலருக்கு ஒன்றும் இல்லை. இது இரண்டு வருடம் நடந்தது. ஏறக்குறைய 20 வருடங்களின் பின் தேடிப் பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்களின் உழைப்பு, கிடைக்காதவர்களை விட 25 வீதம் கூடுதலாக இருந்தது. பாலுணவு மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் காணப்படவில்லை. 2014 இல் இம்முடிவு வெளியானது. உணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். இலங்கையில் 1973 முதல் திரிபோஷா கொடுக்கப்படுவது தேவை கருதியே. ஆனால் வயிறு நிரம்பிய பிள்ளையோடு யாரும் பேசாவிட்டால் அதுவும் ஒரு பட்டினிதான். அந்த வீடுகளுக்குப் போன உதவியாளர்கள் பட்டதாரிகள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள்.

அவதானிப்பு: ஒலுவிலில் ஒரு சனிக்கிழமை

இத்துறையின் முதற் கருவி அவதானிப்பு ஆகும். இதனை வகுப்பறையில் படிப்பிக்க முயன்று தோற்றுப்போய், ஒருநாள் என் மாணவிகள் ஐவரை ஒலுவில் துறைமுகத்துக்குத் தெற்கேயுள்ள கரைக்குக் கூட்டிச் சென்றேன். கப்பல் வரும் என்று 2013 செப்டெம்பர் 1 இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது. அலைதடுப்பின் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்குப் பக்கம் கடல் அரித்துத் தென்னைகளையும் காணிகளையும் கொண்டுபோனது. வாயிலையும் மணல் மூடியது. பெரியவர்களுக்கு அந்த மணல் ஒரு துக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேறு.

மூன்று வயதளவான ஒரு பையன் தன் ராத்தாவோடு விளையாடிக்கொண்டிருந்தான். அவன் உம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தள்ளி அமர்ந்தோம். படம் எடுக்கவில்லை, பெயர் எழுதவில்லை. இது கட்டாயம். பத்து நிமிடம் கண்டதை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி எழுதியது: "பையன் பிடிவாதக்காரன். ராத்தாவுக்கு வாளியைக் கொடுக்கவில்லை. கெட்டிக்காரன், நன்றாக வீடு கட்டினான்." இன்னொருத்தி எழுதியது: "4.10: வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ராத்தா கை நீட்டினாள். 'இல்ல, என்ட' என்று தலையைத் திருப்பினான். 4.12: ஈர மணலை இரு கையாலும் அள்ளி வாளியில் போட்டான். கவிழ்த்தான். உடைந்தது. காய்ந்த மணலைக் கிள்ளிப் பார்த்து, திரும்ப ஈரமான இடத்துக்குப் போனான். 4.15: வாளியை ராத்தாவிடம் கொடுத்து, 'நீ தட்டு' என்றான்."

முதலாவது தீர்ப்பு, இரண்டாவது அவதானிப்பு. தீர்ப்பை வாசிப்பவருக்குப் பையனைப் பற்றி ஒன்றும் தெரியவராது. அவதானிப்பை வாசித்தால் எவ்வளவோ தெரிகிறது. ஈர மணல் ஒட்டும், காய்ந்தது ஒட்டாது என்று சோதித்தறிகிறான் (அறிவு விருத்தி). "என்ட", "நீ தட்டு" என இரு சொல் வசனம் பேசுகிறான் (மொழி). இரு கைகளையும் ஒருமித்துப் பயன்படுத்துகிறான் (உடல்). கொடுக்க மறுத்தவன் ஐந்து நிமிடத்தில் உதவி கேட்கிறான் (சமூகம்). பிடிவாதக்காரன் என்று எழுதிய மாணவி 4.15 ஐக் காணவே இல்லை. முடிவெடுத்த பின் அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். இதை அவளே சொன்னாள், நான் சொல்லவில்லை. அலைதடுப்புக் கற்களில் ஏற யாருக்கும் அனுமதியில்லை என்பதை, இவ்வாறு மாணவரைக் கூட்டிச்செல்லும் ஆசிரியருக்குச் சொல்லி வைக்கிறேன்.

சாதாரண தரத்தின் பின்

இனித் தொழில் பற்றி. முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும்: பாலர் பாடசாலை ஆசிரியரின் வருமானம் குறைவு. பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்தே சம்பளம், அதோடு அரசின் ஒரு சிறு கொடுப்பனவு. இவ்வளவு படித்தும் இவ்வளவுதானா என்று உங்கள் வாப்பா கேட்டால், அவர் கேட்பது நியாயம். ஆனால் இத்துறை பாலர் பாடசாலையோடு முடிவதில்லை. பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள், பெருந்தோட்டங்களின் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள், பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி, ஆரம்பப் பிரிவு ஆசிரியர் பதவி, விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான கல்வி, பேச்சுச் சிகிச்சை என்று அது விரிகிறது. பேச்சுச் சிகிச்சைக்குக் களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பே உண்டு.

வழிகள் பல. தொழிற்பயிற்சி வழியாக முன்பள்ளி ஆசிரியருக்கான தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) மட்டம் 4 ஐப் பெறலாம், அதன் மேல் 5, 6 டிப்ளோமா மட்டங்கள், 7 பட்ட மட்டம். 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இத்துறையில் பாடநெறிகளை நடத்துகிறது. எமக்கு அண்மித்த அதன் பிராந்திய நிலையம் மட்டக்களப்பில் உள்ளது. உயர்தரம் சித்தியடைந்தால் தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஒலுவிலுக்கு அண்மையிலுள்ள அட்டாளைச்சேனையிலேயே ஒன்று உள்ளது. இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. என் ஆலோசனை: முடியுமானவர்கள் உயர்தரம் வரை போய்விட்டே இத்துறைக்கு வாருங்கள். கதவுகள் அதிகம் திறந்திருக்கும். கணக்கையும் விட்டுவிடாதீர்கள், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சித்தியைக் கேட்பார்கள்.

பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள். என் பழைய மாணவி ஒருத்தி, தன் உம்மா சீட்டுப் பிடித்த காசைக் கட்டி, ஒரு தனியார் நிறுவனத்தில் ஆறு மாதம் டிப்ளோமாப் படித்தாள். சான்றிதழ் தங்க எழுத்தில் வந்தது. பாலர் பாடசாலையில் சேரப் போனபோது அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. முன்பள்ளிக் கல்வி மாகாண சபைகளின் பொறுப்பிலுள்ளது. எமது மாகாணத்தில் கிழக்கு மாகாண பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் இதற்கென உள்ளது. நீங்கள் சேரவிருக்கும் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அதன் சான்றிதழைப் பணியகம் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு அறிந்த பின்னரே காசைக் கொடுங்கள்.

மாதிரி வினாக்கள்

1. வளர்ச்சி, விருத்தி ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை உதாரணம் தந்து விளக்குக.

2. பாத்திமாவின் தம்பி 14 மாதமாகியும் தனியே நடக்கவில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிறான், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறான். உம்மா கவலைப்படுகிறார். (அ) இப்பிள்ளை பற்றி உமது கருத்து யாது? (ஆ) அக்கருத்துக்கான காரணத்தைத் தருக. (இ) எந்நிலையில் வைத்திய ஆலோசனை பெறுமாறு கூறுவீர்?

(குறிப்பு: (அ) வுக்கு "கவலைப்படத் தேவையில்லை" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடையாது. பிள்ளையிடம் காணப்படும் இரண்டு அறிகுறிகளையும் சுட்டிக்காட்டி எழுதுக.)

3. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் பயிற்சி கொடுக்குமாறு கேட்கும் பெற்றோருக்கு நீர் அளிக்கும் பதிலை ஐந்து வசனங்களில் எழுதுக. அவர் மனம் நோகாத வகையில் எழுதுக.

4. உமது வீட்டிலோ அயலிலோ உள்ள 2 முதல் 5 வயது வரையான பிள்ளை ஒன்றை, அதன் தாயின் அனுமதியோடு பத்து நிமிடம் அவதானித்து, நேரத்துடன் குறிப்பெடுக்க. பின்னர் அதிலுள்ள தீர்ப்புச் சொற்கள் அனைத்தையும் வெட்டிவிட்டு, எஞ்சியதை வகுப்புக்குக் கொண்டு வருக.